கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கும் ‘இலவச’ மென்பொருளும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை பாகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த நீரும் தென்பெண்ணை வழியாக வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேசைக்கடியில் இருந்த கணினி மூழ்கிவிட்டது.

அதன் ஹார்டு டிஸ்க்கில்தான், நான் ஆசிரியராக இருந்தபோது வயல்வரப்பில் உட்கார்ந்து பதிவு செய்த நடவுப் பாட்டுகள் இருந்தன. மூலக் கேசட்டுகள் 2011 தானே புயலிலேயே போய்விட்டன. பாடிய பெண்களில் என் அம்மாவும் ஒருவர். பெரும்பாலோர் இன்று இல்லை.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கேட்ட தொகை என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். தங்கை மகன் சொன்னான்: “எதுக்கு மாமா தண்டச் செலவு? யூடியூப்ல இருக்கு, சாஃப்ட்வேர் ஃப்ரீ. நாமளே எடுத்துடலாம்.” நானும் தலையாட்டினேன். வெயிலில் காயவைத்து, கேபிள் போட்டு இணைத்தோம். கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன! ‘ஸ்கேன்’ கொடுத்துவிட்டுத் தூங்கப் போனோம். இரவெல்லாம் டிக்... டிக்... என்ற சத்தம். விடிந்தபோது கணினிக்கு அந்த டிஸ்க்கையே அடையாளம் தெரியவில்லை. பிறகு ஆய்வகத்தில் திறந்து பார்த்தார்கள். தட்டு முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்.

பையனை நான் குறை சொல்லவில்லை. ‘எந்த டிஸ்க்கையும் மீட்கலாம்’ என்று ஆசை காட்டுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். டிஸ்க்கினுள் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அதற்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியே பல்லாயிரம் நானோமீட்டர் தடிமன். நடுவில் சேற்றுத்துகள் இருந்தால் என்ன ஆகும்? மென்பொருளுக்கு அது தெரியாது. படி, மீண்டும் படி என்று முனையை விரட்டிக்கொண்டே இருக்கும். எலும்பு முறிந்தவனை ஓடவிட்டு வைத்தியம் பார்ப்பது போலத்தான்.

2003-இல் கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியபோது விழுந்த ஒரு டிஸ்க்கிலிருந்து சுமார் 99 சதவீதத் தகவலை அமெரிக்க நிபுணர்கள் மீட்டார்கள். தட்டைச் சுத்தம் செய்து வேறு டிரைவில் பொருத்திய பிறகே படித்தார்கள். வானத்திலிருந்து விழுந்தது பிழைத்தது. என் வீட்டு மேசைமேல் இருந்தது பிழைக்கவில்லை.

மென்பொருளே வேண்டாம் என்பதல்ல. நல்ல டிஸ்க்கில் கைதவறி அழித்த கோப்பை அது மீட்டுத் தரும். அதையும் அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது. அழிந்த கோப்பு இருந்த இடத்திலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம். ஆனால் கீழே விழுந்தது, நனைந்தது, சத்தம் போடுவது என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். நனைந்ததை வெயிலிலும் வைக்காதீர்கள், அரிசியிலும் புதைக்காதீர்கள். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு நிபுணரிடம் கொடுங்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? நனையாத டிஸ்க் என்றால் அப்படியே எடுத்து வையுங்கள். பணம் சேரும் வரை அது காத்திருக்கும். நனைந்தது அப்படிக் காத்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல், இன்றே இன்னொரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். நான் மிச்சம் பிடித்தது ஒரு மாத ஓய்வூதியம். அது அடுத்த மாதமும் வந்தது. அம்மாவின் குரல் வரவில்லை.