“எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லாதீர்கள், அப்பத்தா!

புற்றுநோய்க்கென்று சென்னையில் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று போராடி வென்றவர் ஒரு பெண். அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டை. பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ம் ஆண்டு பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் இடம் கொடுத்தார். 1912-ல் அவர் டாக்டர் ஆனார். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோய்க்குப் பலியானார். அந்தத் துயரம் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது.

அன்று இருந்த மருந்துகள் மிகக் குறைவு. இன்று எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆனால், நம் வீடுகளில் இன்னும் ஒரு எதிரி ஒளிந்திருக்கிறது. அதுதான் மவுனம்!

பத்தாம் நாள்

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பத்தாவுக்கு வயது 68. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது 21 நாளைக்கு ஒரு முறை ‘கீமோதெரபி’ மருந்து ஏற்றுகிறார்கள். இரண்டாவது முறை ஏற்றி இன்று பத்தாவது நாள். உடம்பு கொதிக்கிறது. வாயெல்லாம் புண்.

“என்ன அப்பத்தா, கஞ்சிகூடக் குடிக்கலையா?” என்று பேரன் கேட்கிறான்.

“பசிக்கலடா ராசா. எனக்கு ஒண்ணுமில்ல.”

ஏன் அப்படிச் சொல்கிறார்? மகனுக்கு வயலில் வேலை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். “வயசான காலத்தில் பிள்ளைக்குப் பாரமாக இருக்கிறோமே” என்ற கூச்சம். “சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ” என்ற பயம் வேறு.

அந்தப் பத்தாம் நாள் காய்ச்சல், உயிரையே குடிக்கக்கூடிய காய்ச்சல்!

காரணம் என்ன?

புற்றுநோய் அணுக்கள் வேகமாகப் பெருகும். வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்வதுதான் கீமோதெரபியின் வேலை. ஆனால் நம் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் உண்டு. முடியின் வேரில் உண்டு. வாயிலும் குடலிலும் உண்டு. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையிலும் உண்டு. மருந்து அவற்றையும் தாக்குகிறது.

அதனால்தான் முடி கொட்டுகிறது. வாய் புண்ணாகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். வாந்திக்கு இன்று நல்ல மாத்திரைகள் உண்டு.

பயப்பட வேண்டியது ரத்தத்தைத்தான். கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள், மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் மிகவும் குறைந்துவிடும். காவல்காரன் இல்லாத வீடுபோல் உடம்பு கிடக்கும். அப்போது கிருமி புகுந்தால், சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகிவிடும்.

முதுமையில் கூடுதல் கவனம்

வயதானவர்களுக்கு ஏற்கனவே சர்க்கரை வியாதி இருக்கலாம். ரத்த அழுத்தம் இருக்கலாம். சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் சில ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரையை ஏற்றிவிடும். சிவப்பு நிறமான ஒரு மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். அதனால் முன்கூட்டியே இதயத்தைப் பரிசோதிக்கிறார்கள். இன்னும் சில மருந்துகளால் கை, கால் மரத்துப்போகும். பாதம் தரையில் படுவதே தெரியாது. இரவில் எழுந்து போகும்போது விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

அப்படியானால் மருந்தே வேண்டாமா?

“இந்த வயசில் எதற்கு அவஸ்தை?” என்று சில வீடுகளில் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு.

65 வயதும் அதற்கு மேலும் ஆன மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கீமோதெரபி. இன்னொரு பிரிவினருக்குச் சற்று இலேசான ஒரே ஒரு மாத்திரை. 2009-ல் முடிவு வெளியானது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, நோய் திரும்புவதோ மரணம் நேர்வதோ சுமார் இரண்டு மடங்காக இருந்தது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் வழக்கமான மருந்தில்தான் அதிகம்.

எல்லோருக்கும் கீமோதெரபி தேவை என்பதும் இல்லை. சில வகைக் கட்டிகளுக்கு ஹார்மோன் மாத்திரையே போதும். கட்டியின் தன்மையையும் உடம்பின் வலிமையையும் பார்த்து டாக்டர் தீர்மானிக்க வேண்டும். வயதை மட்டும் பார்த்து யாரும் தீர்மானிக்கக் கூடாது.

உடம்பின் வலிமையை எப்படி அறிவது? நடக்க முடிகிறதா, ஞாபகம் எப்படி, வீட்டில் துணை உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டறிய வேண்டும். 70 வயதைத் தாண்டிய, முற்றிய புற்றுநோயாளிகளிடம் இப்படி விசாரித்து, அதை டாக்டர்களிடம் அறிக்கையாகக் கொடுத்தார்கள். இதுவும் அமெரிக்காவில்தான். 2021-ல் முடிவு வந்தது. அறிக்கை இல்லாத பிரிவில் 100 பேரில் 71 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு. அறிக்கை கொடுத்த பிரிவில் 51 பேருக்குத்தான்.

கேள்வி கேட்டதால் கிடைத்த பலன் இது!

வீட்டில் செய்ய வேண்டியவை

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும். முதியவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே தெரியாது. நடுக்கம், மயக்கம், பேச்சில் தடுமாற்றம் இருந்தாலும் உடனே புறப்படுங்கள். ‘கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்’ என்று முதலிலேயே சொல்லுங்கள்.

காய்ச்சி ஆறிய நீரும், அப்போது சமைத்த உணவும் கொடுங்கள். வாய்ப்புண்ணுக்குக் காரம் ஆகாது. சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் விளக்கு எரியட்டும்.

அரசு செய்யக்கூடியது

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறார்கள். கீமோதெரபி எடுக்கும் முதியவர் இருக்கும் வீட்டில் அவர்கள் மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாம். காய்ச்சல் உண்டா? சாப்பிட முடிகிறதா? எங்கேனும் விழுந்தீர்களா? இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. பெரிய செலவும் இல்லை.

‘பெண் படிக்கக் கூடாது’ என்ற காலத்தில், ‘எனக்கு இடம் வேண்டும்’ என்று வாய்திறந்து கேட்டவர் முத்துலட்சுமி. அவர் பிறந்த மண்ணில் வாழும் அப்பத்தாக்களும் வாய்திறக்கட்டும். “ராசா, எனக்கு முடியலடா” என்று சொல்லட்டும்.

அவர் சொல்லும்வரை காத்திராமல், நாமே நெற்றியில் கை வைத்துப் பார்ப்போம்.