வானத்துக்குப் பாஷை உண்டா?

தேனாம்பேட்டையில், கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்காவுக்கு ஒரு நாள் காலை உலாவப் போயிருந்தேன். 2010-இல் இந்தப் பூங்கா ஏற்படுவதற்கு முன்னால் அங்கே உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்தது. காரை விட்டு இறங்காமலே காப்பி சாப்பிட்ட அன்பர்கள் இன்றைக்கும் அவ்வழியே போகும்போது பெருமூச்சு விடுகிறார்கள். என்னுடன் வந்த கிறிஸ்தவ நண்பர், அதே சாலையில் 1816-இல் பிரதிஷ்டையான பரிசுத்த ஜார்ஜ் தேவாலயத்தில் ஆராதனை முடித்து வந்தவர். பூத்துக் குலுங்கிய கொடி ஒன்றைக் காட்டி, "இதைப் பார்த்த பிறகும் ஆண்டவரை ஒருவன் மறுக்க முடியுமா, ஸார்?" என்றார்.

"தோட்டக்காரருக்கும் அதில் கொஞ்சம் பங்கு கொடுங்கள்" என்றேன்.

நண்பர் சிரித்தார். ஆனால் அவர் சொன்னது மிகப் பழைய நம்பிக்கை. பைபிளில் 19-ஆம் சங்கீதத்தின் முற்பகுதி வானத்தைப் பற்றியது. பிற்பகுதி வேதத்தைப் பற்றியது. வானம் வாய் திறவாமலே உலகெங்கும் செய்தி சொல்லுகிறது என்பது அதைப் பாடியவரின் கருத்து. வேதத்தை வாசிக்க ஒரு பாஷை தெரிய வேண்டும்; வானத்தை வாசிக்க எந்தப் பாஷையும் தெரிய வேண்டியதில்லை. அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒரு சபையில் சேர்த்துவிடவும் முடியாது!

நம் தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கையைத் தைரியமாகப் பாடியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர்; சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர்; சரபோஜி மன்னருடைய சபையில் கவியாக விளங்கியவர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி' 1800-ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. குறவஞ்சி என்றால் குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் பாட வேண்டும் அல்லவா? சாஸ்திரியார் குற்றாலத்தோடும் தஞ்சையோடும் நிற்கவில்லை. பூகோளம் முழுவதையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதோடு விட்டாரா? சூரியன் நடுவே நிற்க, பூமியும் மற்றக் கிரகங்களும் அதைச் சுற்றுகின்றன என்ற கோபர்நிகஸின் கொள்கையையும் தெய்வ ஸ்துதியாகவே அமைத்துவிட்டார். அதே கொள்கைக்காகக் கலிலியோவை 1633-இல் மண்டியிட வைத்தார்கள்; அவருடைய நூல் ரோமாபுரியின் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது 1835-இல்தான். சாஸ்திரியார் புராட்டஸ்டண்டு, ரோமாபுரியின் தடை அவரைக் கட்டுப்படுத்தாது என்பது வாஸ்தவம். ஆயினும் புதிய விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சாமல் அதற்கு ராகமும் தாளமும் கூட்டிய துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவும் பேசிக்கொண்டே வந்தபோது, வெகு நாளாக மனத்தில் கிடந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி மாதாவைத் தரிசிக்க வந்தவர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். சுனாமி அலை நூற்றுக்கணக்கான பேரை வாரிக்கொண்டு போயிற்று. "பூ ஆண்டவரின் மகிமையைச் சொல்லுகிறதென்றால், அந்த அலை எதைச் சொல்லிற்று?"

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "யோபுவின் புத்தகத்தை வாசித்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு எடுத்து வாசித்தேன். யோபுவின் பத்துப் பிள்ளைகளும் பெருங்காற்றில் வீடு இடிந்து மாண்டு போகிறார்கள். காரணம் கேட்டுக் கதறுகிறான். கடைசியில் கடவுள் பதில் சொல்ல வருகிறார்; அதுவும் பெருங்காற்றின் நடுவிலிருந்து! ஆனால் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 38-ஆம் அதிகாரம் முதல் நாலு அதிகாரங்களுக்குக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். கடலுக்குக் கதவு வைத்தது யார்? வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா? தீக்கோழி முட்டையை மண்ணில் விட்டுப் போவதைப் பார்த்தாயா? மனிதரே இல்லாத பாலைவனத்தில் மழை பெய்விப்பது யார்?

கடலின் கதவைப் பற்றிய வரிகளை வேளாங்கண்ணியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எப்படி வாசிப்பாள்? என்னால் புத்தகத்தை மூடவும் முடியவில்லை. மேலே படிக்கவும் முடியவில்லை. யோபு கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான்.

மறுநாள் நண்பரைச் சந்தித்தபோது வாசித்ததாகச் சொன்னேன். தலையை அசைத்தார், விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரிடம் எனக்குள்ள மதிப்பு சற்றுக் குறைந்திருக்கும்.