50-க்கு 36: வாய்மொழி அறிக்கையை எப்படிப் படிப்பது?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பள்ளியில் நடந்த தமிழ் வாய்மொழித் தேர்வில் இருவருக்கும் 50-க்கு 36 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான் நடக்கும்: “பரவாயில்லை, ஆனாலும் போதாது, துணைப்பாட வகுப்புல சேர்த்துடலாம்.” அந்த 36 எப்படி வந்தது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் தேசியத் தேர்வான பிஎஸ்எல்இ-யில் தமிழுக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் கால் பங்கு, அதாவது 50, வாய்மொழிக்கு. வாய்விட்டு வாசிப்பதற்கு 20, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு உரையாடுவதற்கு 30. பள்ளிகள் வைக்கும் தேர்வுகளும் பெரும்பாலும் இந்த அச்சிலேயே இருக்கும். நம் இருவரில் அந்தச் சிறுமிக்கு வாசிப்பில் 18, உரையாடலில் 18. பையனுக்கு வாசிப்பில் 12, உரையாடலில் 24. அவள் ழகரமும் ளகரமும் பிசகாமல் வாசிப்பாள், “ஏன் அப்படி நினைக்கிறீங்க?” என்று கேட்டால் வாயடைத்துப் போவாள். அவன் பாட்டியோடு தமிழ் பேசி வளர்பவன். கேட்டதற்கு மேலேயே சொல்வான், ஆனால் நீளமான சொல்லைப் பார்த்தால் எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிடுவான். இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால், இருவருக்குமே பாதி நேரம் வீண்.

இந்த இரண்டு பகுதிகளும் இரண்டு வகைத் தமிழைச் சோதிக்கின்றன என்பதையும் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. வாசிப்பது எழுத்துத் தமிழ். உரையாடலுக்குரியது பேச்சுத் தமிழ். 2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் தரமான பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆகவே உரையாடலில் பிள்ளை “நான் அங்க போனேன்” என்று சொல்வது தரக்குறைவு ஆகாது. அதை வீட்டில் ஒவ்வொரு முறையும் “நான் அங்குச் சென்றேன்” என்று திருத்துகிறவர்கள், ஓடிக்கொண்டிருந்த பேச்சைத் தாங்களே நிறுத்துகிறார்கள். (மேடைப் பேச்சுக்குப் பயிற்சி கொடுப்பது வேறு சங்கதி.)

இதெல்லாம் எதற்கு இவ்வளவு முக்கியம்? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழே வீட்டில் அதிகம் பேசும் மொழி என்று சொன்ன சிங்கப்பூர் இந்தியர்கள் 36.7 விழுக்காடு. 2020-இல் அது 27.3. மற்ற இந்திய மொழியினரும் இந்தக் கணக்கில் உண்டு என்றாலும், சரிவு சரிவுதான். பல பிள்ளைகளுக்குத் தமிழில் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசக் கிடைக்கும் இடம் வகுப்பறை மட்டும்தான். அங்கே என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியவருவது பெரும்பாலும் அறிக்கை வழியாகத்தான்.

அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு பல சமயம் “நன்று. மேலும் முயற்சி தேவை” என்று முடிந்துவிடுகிறது. இதை எந்தப் பிள்ளைக்கும் எந்த ஆண்டும் எழுதலாம். அதனால்தான் அந்தக் குறிப்பால் யாருக்கும் பயனில்லை. பயன்படும் குறிப்பு எப்படி இருக்கும்? உணவங்காடி நிலையத்தில் தட்டை அப்படியே விட்டுப் போகும் ஒருவரைக் காட்டும் காணொளி என்று கொள்வோம். “பார்த்ததைத் தானாகவே வரிசையாகச் சொன்னாள். கருத்துக் கேட்டபோது ‘அது தப்பு’ என்றதோடு நின்றாள். மூன்று துணைக்கேள்விகளுக்குப் பிறகு ஒரு காரணம் சொன்னாள்.” அடுத்த பருவத்தில், வேறொரு காணொளிக்கு, “ஒரே துணைக்கேள்வியில் இரண்டு காரணம் சொன்னாள், தன் அனுபவம் ஒன்றையும் சேர்த்தாள்” என்று வந்தால், அதற்குப் பெயர்தான் வளர்ச்சி. மதிப்பெண் 18-இலிருந்து 19 ஆகத்தான் கூடியிருக்கும்.

ஆசிரியர் எத்தனை முறை தூண்ட வேண்டியிருந்தது என்பதைவிட நம்பகமான அளவுகோல் பேச்சுத் திறனுக்கு இல்லை என்பேன். உச்சரிப்பையும் சொல்வளத்தையும் பயிற்சியால் ஓரளவு பூசிக்காட்டலாம். எதிர்பாராத கேள்விக்குத் தானாகப் பேச்சைத் தொடர்வதை மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைக்குப் பழக்கமான தலைப்பு ஒரு பருவத்திலும் பழக்கமில்லாத தலைப்பு மறுபருவத்திலும் வந்திருந்தால், ஏற்ற இறக்கத்தில் பாதி தலைப்பின் வேலையாக இருக்கலாம். ஒரே ஒரு தேர்வை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

சின்ன வகுப்புகளில் நிலைமை வேறு. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகளே கிடையாது. எண்ணுக்குப் பதிலாக, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை விவரிக்கும் சொற்கள் வருகின்றன. போன ஆண்டு போட்ட அதே நிலையை இந்த ஆண்டும் பார்த்துவிட்டுப் பெற்றோர் கலங்குவதுண்டு. அந்தந்த வகுப்பின் எதிர்பார்ப்பை வைத்தே அந்த நிலை தரப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் எதிர்பார்ப்பு உயர்ந்துவிடுகிறது. அதே நிலையில் இருப்பது என்றால் பிள்ளை நகர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

பிஎஸ்எல்இ முடிவு வரும்போது இந்த விவரம் எதுவும் கையில் கிடைக்காது. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரையிலான ஓர் அடைவுநிலை மட்டுமே வழங்கப்படுகிறது; வாய்மொழி அதற்குள் கரைந்துவிடும். பிள்ளையின் பேச்சைத் தனியாகக் காட்டுவது பள்ளி அறிக்கை ஒன்றுதான். ஆகவே ஆசிரியர் சந்திப்புக்குப் போகும்போது மொத்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். வாசிப்புக்கு எவ்வளவு, உரையாடலுக்கு எவ்வளவு, எந்தக் கேள்வியில் என் பிள்ளை நின்றுபோனாள் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த பருவம் அதையே மறுபடியும் கேளுங்கள்.