அடிமாறாமல் எழுது!

"அடிமாறாமல் எழுதுக!" - தேர்வுத்தாள் இடும் கட்டளை இது. தமிழ்ப் பாட்டைக் கற்கவரும் சிறுவனுக்கு முதலில் அறிமுகமாவது கவிஞனல்லன், இந்தக் கட்டளைதான். அடி மாறினால் மதிப்பெண் போகும். பொருள் புரியாவிட்டால்? ஒன்றும் போகாது! பொருளறியாது ஓதினாலும் புண்ணியம் என்ற புரோகிதப் புத்தி, பூணூலைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்திருக்கிறது என்கிறோம். மந்திரத்தை மறுத்த நாம், செய்யுள் மந்திரமாக்கப்படுவதைக் கண்டு வாளாவிருக்கலாமா?

புறநானூற்றின் 46ஆம் பாட்டைப் பாருங்கள். மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இட முனைகிறான் சோழன் கிள்ளிவளவன். குறுக்கே வந்து நிற்கிறார் கோவூர் கிழார். புறாவின் துயர் துடைத்தவன் மரபினன் நீ என்று மன்னனுக்கு நினைவூட்டுகிறார். இவர்களோ, புலவருக்குத் தம் உணவைப் பகுத்தளித்தோர் குலத்தவர் என்கிறார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, பழகாத மன்றத்தை மருண்டு நோக்கும் அக்குழந்தைகளைக் காட்டுகிறார். கேட்டாய், இனி உன் விருப்பம் என்று முடிக்கிறார். பிள்ளைகள் உயிர் பிழைத்தனர் என்கிறது பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு.

உயிரை மீட்ட பாட்டு! அதைச் சுவரைப் பார்த்து ஒப்பிக்கச் செய்கிறார்களே, இது தகுமா?

நடிக்கச் செய்யுங்கள் என்கிறோம். ஒருவன் வளவன்; ஒருத்தி கோவூர் கிழார்; சிலர் மருண்ட பிள்ளைகள்; மற்றையோர் மன்றத்து மக்கள். எச்சொல்லில் குரல் தாழவேண்டும், எச்சொல்லில் மன்னன் முகம் மாறவேண்டும் என்று மாணவரே வாதிடட்டும். வாதிட்டால் பொருள் விளங்கும், விளங்கியது மறவாது.

நேரமில்லை, மேடையில்லை, உடையில்லை என்பர். ஒப்பிக்க மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? பலகையை ஒதுக்கினால் மேடை. தோளில் துண்டு விழுந்தால் மன்னன்! மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். முத்தமிழ் என்று முழங்குவோர், மூன்றாம் தமிழை வகுப்பறை வாயிலில் நிறுத்தி வைத்ததேன்?

நாடகத்தின் ஆற்றல் நாம் அறியாததன்று. 1934இல் பெரியார் தலைமையில் அரங்கேறியது 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'. அதை எழுதிய பாரதிதாசன், புதுவையில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேடத்திலும் வருணம் புகும்! சிவந்த மேனியன் அரசன். செல்வர் வீட்டுப் பிள்ளை அமைச்சன். கடைசி வரிசைப் பிள்ளை காவலாளி - அதுவும் வாய்திறவாக் காவலாளி! ஆண்டுவிழா மேடைகளில் இக்காட்சி நமக்குப் புதிதா? இம்முறையைத் தகர்க்காத நாடகம் நமக்கு வேண்டாம். இன்றைய மன்னன் நாளை யானைப் பாகனாகட்டும். துப்புரவுத் தொழிலாளியின் மகள் கோவூர் கிழாராக நின்று, அரியணையை நோக்கி அறம் உரைக்கட்டும். வகுப்பறையில் அரசனை எதிர்த்து நிமிர்ந்த தலை, வெளியே ஆதிக்கத்தின் முன் எளிதில் குனியாது.

தோழர்களே! அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில், வரும் ஞாயிறன்றே, பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஒரு பாட்டு, ஒரு துண்டு, ஒரு திண்ணை போதும். அடி மாறினால் மாறட்டும். அடிமை மனம் மாறட்டும்!