குழிக்குள் எந்த விளக்கு?

நெசவாளர் வீட்டிலும் உழவர் தோட்டத்திலும் வெளிச்சம் எட்டாத இடங்கள் சில என்றும் உண்டு. மிதிகட்டையின் கயிறு அறுந்தால் குனிந்து கைவிட வேண்டிய தறிக்குழி, ஜக்கார்டு பெட்டியின் உட்புறம், பம்பு செட்டு அறையின் மூலை, கிடங்கில் மூட்டைகளுக்கு இடைப்பட்ட சந்து ஆகியன அத்தகையவை. கூரையில் எத்தனை விளக்குகள் எரிந்தாலும் இவ்விடங்களில் நம் உடலின் நிழலே வேலையை மறைத்து விடுகின்றது. ஆதலால் கையோடு எடுத்துச் செல்லும் விளக்கினையும் நாடா, மண்வெட்டி போன்று ஒரு தொழிற்கருவியாகவே கருத வேண்டும். ஆயினும் அதனைத் தேர்ந்தெடுப்பதில் நம் சங்கங்கள் போதிய கருத்துச் செலுத்துவதில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் ஹோல்டரில் பல்பைப் பொருத்தி, நீண்ட வயரில் கட்டி, தறிக்குழிக்குள் இறக்கி வேலை செய்து கொண்டிருந்தார். மழை ஈரம் குழியின் சுவரில் கசிந்திருந்தது. முந்திய வாரம் அதே வயரில் அவருக்கு மின்சாரம் தாக்கிக் கை விறைத்ததாகவும், மகன் ஓடி வந்து சுவிட்சை அணைத்ததால் பிழைத்ததாகவும் அவர் துணைவியார் கூறினார். சங்கம் வழங்கிய சார்ஜ் விளக்கு எங்கே என்று வினவினோம். “அது எரிந்தால் இதை ஏன் ஐயா இறக்குகிறேன்?” என்பதே அவர் விடை. மிகக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்று வாங்கிய அவ்விளக்குகள் சில மாதங்களிலேயே செயலிழந்தன. மின்கலத்தை மாற்றுவதற்கும் வழியில்லாதபடி அவை ஒட்டி மூடப்பட்டிருந்தன. விலைப்புள்ளிகளும் வவுச்சர்களும் ஒழுங்காக இருந்தன. அவற்றைப் பார்த்துக் குறையொன்றுமில்லை என்று கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். அந்தக் கையொப்பம் நம்மை உறுத்தியதன் விளைவே இக்கட்டுரை.

ஈரக் குழியினுள் 230 வோல்ட் வயரைக் கொண்டு செல்வது எத்தகைய அபாயம் என்பதைச் சட்டம் முன்னரே உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 36ஏ பிரிவு, தொட்டி, குழி, குழாய் முதலிய அடைபட்ட இடங்களுக்குள், தகுந்த பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல், 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. நெசவாளரின் வீடு தொழிற்சாலை அன்று. ஆனால் மின்சாரம் அவ்வேறுபாட்டை அறியாது. ஒற்றை மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கின் மின்னழுத்தமோ 4 வோல்ட் அளவே. எனவே குழிக்கு உரியது அதுவே. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கும்போதே அவ்விளக்கைக் குழிக்குள் இறக்கினால், அது மீண்டும் வயர் கட்டிய விளக்காகி விடுகின்றது.

இனி, பெட்டியின் மீது அச்சிட்டிருப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இவ்விளக்குகள் பலவற்றில் இருப்பது 18650 எனப்படும் லித்தியம் மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் அப்பெயர் பெற்றது. நல்ல கலமாயின் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். 9,900 என்று அச்சிட்டிருப்பின் அது நம்பத்தக்கதன்று. 3,500 என்பது சுமார் 12 வாட் மணிக்குச் சமம். ஒரு வாட்டுக்கு 100 லுமென் என்று கொண்டால், 1,000 லுமென் விளக்குக்கு 10 வாட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே அது முழு ஒளி தரும். ஒரே கலத்தில் அவ்வொளி எட்டு மணி நேரம் எரியும் என்று எவரேனும் கூறுவராயின், அவரிடம் கணக்கைக் கேட்பது நம் உரிமை. கைக்கெட்டும் தொலைவிலுள்ள வேலைக்கு 300 லுமென் தாராளமாகப் போதும். பழைய 40 வாட் குண்டு பல்பின் ஒளியே சுமார் 400 லுமென்தான்.

நெருக்கமான இடத்தில் அளவுக்கு மீறிய ஒளி தீமையே செய்யும். குவிந்து பாயும் வெளிச்சம் பட்டிலும் சரிகையிலும் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசச் செய்யும். எனவே பரந்து விழும் ஒளியும், குறைத்துக் கூட்டும் வசதியும் இருத்தல் நலம். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூறு வரையிலான எண் ஒன்று உண்டு. சாதாரண விளக்குகளில் அது 80 அளவில் இருக்கும். அரக்கையும் மெரூனையும் பிரித்தறிய வேண்டிய நெசவாளருக்கு 90க்கு மேற்பட்டது ஏற்றது. மெயினை அணைத்தபின் சிவப்பு, மஞ்சள், நீல வயர்களை அடையாளம் காண வேண்டிய உழவருக்கும் அது உதவும்.

பம்பு அறையின் இரும்புப் பெட்டியில் காந்தம் பற்றும்; தறிமரத்தில் பற்றாது, அங்கே கொக்கி வேண்டும். நீர் தெறிக்கும் இடங்களுக்கு ஐ.பி. 54 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புக் குறி அவசியம். மின்கலத்திலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி உள்ளதா என்று நோக்குக.

உழவர் பெருமக்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் விடுத்து, அது அணைந்தால் இறங்காதிருப்பது முன்னோர் வழக்கம். எல்.இ.டி. விளக்கு நச்சுக் காற்றிலும் அணையாது. அதன் ஒளியைக் கண்டு உள்ளே நல்ல காற்று உண்டென்று எண்ணி இறங்குவது உயிருக்கே ஆபத்து. சுடர் அணையாதிருந்தாலும் எல்லா நச்சுக் காற்றும் இல்லையென்று பொருளாகாது. காற்றைச் சோதிக்கும் கருவியும், மேலே துணையாளும் இன்றி இறங்கலாகாது.

சங்க நிர்வாகக் குழுவினருக்கு நாம் கூறுவது இதுவே. நூறு விளக்குகள் வாங்குமுன் இரண்டு வகைகளில் ஒவ்வொன்று வாங்கி, உண்மையான தறிக்குழியில் ஒரு மாதம் எரியவிட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதை அங்கத்தினரே குறித்து வைக்கட்டும். கலத்தை மாற்றத் தக்கதாகவும், பழுது பார்க்க அருகில் ஆள் உள்ளதாகவும் இருப்பதை நிபந்தனையாக்குங்கள். அவ்வாறு நிறைவு செய்யும் விளக்குகளுள் குறைந்த விலையுள்ளதை வாங்குவதே சிக்கனம். எரியாத விளக்கை மலிவாக வாங்குவது வீண் செலவு.

ஆய்வாளராகிய நாமும் இனி வவுச்சரைப் பார்ப்பதோடு நில்லாது, விளக்கை ஏற்றிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவோம்.