வீட்டைக் காக்காத துப்பாக்கி

துப்பாக்கி எதற்கு என்று அமெரிக்கரைக் கேட்டால், குடும்பத்தின் பாதுகாப்புக்கு என்பார். பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். 1999-இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பிலோ வேட்டைக்கு என்றவர்களே அதிகம். பாதுகாப்புக்கு என்றவர் நால்வரில் ஒருவர்தான். கால் நூற்றாண்டுக்குள் ஊதிப் பெருக்கப்பட்ட நம்பிக்கை இது. நள்ளிரவில் கதவை உடைத்து வரும் திருடனைக் காட்டிக் காட்டியே துப்பாக்கி விற்றார்கள்.

அந்தத் துப்பாக்கி யாரைக் கொல்கிறது? 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அவர்களில் 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்தது, வேலை போன அப்பாவின் கைக்கும் பரீட்சையில் தோற்ற பிள்ளையின் கைக்கும் எட்டுகிறது. கலிபோர்னியாவில் லட்சக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கொடியது. தான் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் கொலையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். துணையின் கையால் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகும் வாய்ப்பு ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். யாரைக் காக்க வாங்கினார்களோ, அவர்களே.

சாக நினைப்பவர் வேறு வழி தேடிக்கொள்வார், துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள் என்பார்கள். கேட்கக் கேட்க மனம் கொதிக்கும் வாதம் இது. தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாம் வாய்ப்பைப் பெரும்பாலும் தருவதில்லை. இந்த வாதம் எவ்வளவு பொய் என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. 1990-களின் நடுவில் தற்கொலை மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்று. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டிலேயே கிடந்தது. கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. உள்நாட்டுப் போர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்துகொண்டுதான் இருந்தது, விவசாயியின் கடனும் தீரவில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால் எத்தனையோ பேர் அந்த ஒரு பொல்லாத மணிநேரத்தைக் கடந்து உயிரோடு இருக்கிறார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிராக நடந்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையை நீக்கியது. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டியோ பிரித்தோ வைக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே ரத்து செய்தது. குழந்தைக்கும் தோட்டாவுக்கும் நடுவே இருந்த பூட்டு அது! 2020 முதல், ஒரு வயதைக் கடந்த அமெரிக்கச் சிறார்களின் மரணத்துக்கு முதற்காரணம், எந்த ஒரு நோயையும் சாலை விபத்தையும் முந்திக்கொண்டு, துப்பாக்கிதான்.

அதே நீதிமன்றம் 2024-இல், குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. ஆக, கதவு முழுவதும் அடைபடவில்லை. ஆபத்தான மனநிலையில் இருப்பவரின் துப்பாக்கியை நீதிமன்ற ஆணையால் தற்காலிகமாக எடுத்து வைக்கும் சட்டம் கனெக்டிகட்டில் 1999-லேயே வந்துவிட்டது. இன்றும் ஐம்பது மாநிலங்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் கணவனைப் பார்த்து நடுங்கும் மனைவிக்கும், மகனை நினைத்துத் தூங்காத தாய்க்கும் அந்த வழி ஏன் இல்லை என்பதற்கு, குடும்பப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.