ஆசிரியர் வண்டியும் மாணவர் பயணமும்

தாமிரவருணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அணித்தாய், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ விளங்கும் ஆத்தூர், தூத்துக்குடியினின்று திருச்செந்தூர் செல்லும் பெருவழியில் உள்ளது. அவ்வழியே உப்பளத்து லாரிகளும் பேருந்துகளும் செல்வன. விழாக் காலங்களிலோ திருச்செந்தூர் நோக்கி நடக்கும் அடியார் கூட்டமும் நிறையும். இத்தகைய சாலைகளிலேதான் நம் பக்கத்துப் பாடசாலைகளின் உபாத்தியாயர் சிலர், விளையாட்டுப் பந்தயத்திற்கும் பேச்சுப் போட்டிக்கும், சில வேளை வைத்தியசாலைக்கும், தம் சொந்த வண்டியில் மாணவரை ஏற்றிச் செல்கின்றனர். பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையை வழியில் நிறுத்திவிட்டுச் செல்ல எந்த ஆசிரியருக்குத்தான் மனம் வரும்? இவ்வன்பு போற்றத்தக்கதே. ஆயினும், அவ்வண்டி விபத்துக்குள்ளாயின் அதன் பாரத்தைச் சுமப்பவர் யாவர் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அதனை இங்கே சிறிது ஆராய்வோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருத்தல் வேண்டுமெனக் கட்டாயப்படுத்துகின்றது. அப்பத்திரம் ஒன்று கையிலிருந்தால் வண்டியில் அமர்ந்தார் அனைவர்க்கும் காப்பு உண்டு என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இது பிழை. சட்டம் விதித்த அளவில் மட்டும் எடுக்கப்பட்ட பத்திரம், கூலியின்றிப் பின்னிருக்கையில் ஏறிச் சென்றவர்க்கு உதவாது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுக்காப்புப் பத்திரமாயின், காரில் அமர்ந்து செல்வாரும் அதனுள் அடங்குவர் என்று 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் அதே நீதிமன்றம் விளக்கிற்று. சாலை ஒன்றே, விபத்து ஒன்றே, பிள்ளையும் ஒன்றே. பத்திரம் வேறாயின் முடிவும் வேறாகின்றது. முன்னதில் நஷ்டஈடு முழுவதும் வண்டிக்குடைய ஆசிரியரின் சம்பளத்தையும் வீட்டையும் தேடி வரும்.

இன்னுமொன்று. பெட்ரோற் செலவிற்கென மாணவரிடம் ஆளுக்கு இவ்வளவெனப் பணம் திரட்டும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. சொந்த உபயோகத்துக்கான பத்திரம் வாடகை ஓட்டத்தை விலக்குவதாகும். ஆகலின் அச்சிறு தொகையே, ‘இது வாடகை வண்டி’ என இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதித்துக் கைவிரிக்க வாயில் திறந்துவிடும்.

அங்ஙனமாயின் பாடசாலை நிர்வாகத்தாருக்குப் பொறுப்பில்லையோ எனின், உண்டு; ஆனால் அதனை நிறுவுதல் எளிதன்று. நாகபுரிப் பக்கத்தில் ஒரு கம்பெனியின் மேலாளர் கம்பெனிக் காரை ஓட்டிச் செல்கையில் அது மரத்தில் மோதி, உடன் சென்ற ஒருவர் மாண்டார். அவர் மனைவி புஷ்பாபாய் தொடுத்த வழக்கில், ஊழியர் தம் வேலையினிமித்தம் ஓட்டியமையால் கம்பெனியே பொறுப்பேற்க வேண்டுமென 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்போ, பத்திரத்திற் கண்ட 15,000 ரூபாயளவில் நின்றது. அங்கே காரும் கம்பெனியினுடையது. இங்கே வண்டி ஆசிரியருடையது. தலைமையாசிரியர் வாய்ச்சொல்லால் அனுப்பினார் என்பதற்குச் சான்று யாது? ‘அவர் தம் விருப்பினாலே சென்றார்’ என்று நிர்வாகத்தார் விலகிக்கொள்ளின், ஆசிரியர் தனித்து நிற்பார். ஆதலின் எழுத்தில் அமைந்த ஓர் உத்தரவு, வெறுஞ் சடங்கன்று. அதுவே அவர்க்குக் கவசம்.

பணத்தோடு இது முடிவதுமில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தார்க்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாமென, 2024 ஜூலை முதல் தேதியினின்று நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதை கூறுகின்றது. விபத்தில் அடிபட்டார்க்கு உதவும் நல்லோரைக் காக்க 2019இல் மோட்டார் சட்டத்திற் சேர்க்கப்பட்ட பிரிவொன்று உண்டு. ஆனால் அது விபத்துக்குப்பின் உதவிக்கு வந்தாரைக் காப்பதேயன்றி, விபத்துக்குள்ளான வண்டியை ஓட்டியவரைக் காப்பதன்று. கருணையால் ஏற்றினேன் என்னும் சொல், கவனக்குறைவுக்கு விடையாகாது.

‘இவற்றையெல்லாம் எண்ணினால் எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளைக்கும் உதவார்’ என்பர் சிலர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரவருணிக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கிய நாட்களை நாம் மறந்தோமில்லை. அத்தகைய காலத்திலும், பிள்ளை மயங்கி விழுந்த வேளையிலும், பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருத்தல் தகாது. கையிற் கிடைத்த வண்டியில் ஏற்றிச் செல்லுதலே கடன். ஆனால் மாதக்கணக்கில் முன்னரே நாள் குறிக்கப்பட்ட ஒரு விளையாட்டுப் பந்தயம் ஆபத்துக் காலமாகுமோ? திட்டமிடக்கூடியதைத் திட்டமிடாது விடுத்து, அதன் குறையை ஆசிரியரின் நல்லுள்ளத்தால் நிரப்புதல் நீதியன்று.

2012 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி மாண்டபின்னரே, தமிழ்நாட்டிற் பள்ளிப் பேருந்துகட்குத் தனி விதிகள் அவ்வாண்டில் எழுந்தன. பேருந்தின் பலகையை ஆராயும் நாம், ஆசிரியர் வண்டியைப் பற்றி ஒரு வினாவும் கேளாதிருத்தல் முறையோ? இதற்கும் ஒரு பிள்ளை மடிந்தபின்தான் விழிப்போமோ?

ஆகவே நிர்வாகத்தார் செய்யற்பாலன சில. இயலுமிடமெல்லாம் பேருந்தோ, உரிய பர்மிட்டுள்ள வாடகை வண்டியோ அமர்த்துக. சொந்த வண்டியன்றி வேறு வழியில்லையாயின், நாளும் இடமும் குறித்து எழுத்தில் உத்தரவு தருக. லைசென்ஸையும் பத்திரத்தையும் முன்னரே பார்வையிடுக. முழுக்காப்புக்காகும் அதிகப் பிரீமியத்தை நிறுவனமே ஏற்க. பெற்றோர்க்கு அறிவித்து ஒப்புதல் பெறுக. அவ்வொப்புதல் அவர் அறிந்தமைக்குச் சான்றேயன்றிக் கவனக்குறைவை மன்னிக்கும் சீட்டன்று என்பதையும் உணர்க. மோட்டார் சைக்கிளிற் பின்னால் ஒருவருக்குமேல் ஏற்றுதல் சட்டவிரோதம். தலைக்கவசம் இருவர்க்கும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, ‘என் வண்டியில் இயலாது’ என்று கூறும் ஆசிரியரை அன்பற்றவரென இகழாதிருக்க.

இக்கல்லூரியிற் பயிலும் மாணவருள் நாளை ஆசிரியராவார் பலர். தலைமையாசிரியராகவும் தாளாளராகவும் இருப்பார் பழைய மாணவருட் பலர். முன்னவர் தம் பத்திரத்தை இன்றே எடுத்து வாசிப்பாராக. பின்னவர், தம்மிடம் பணிபுரிவோர் எத்தனை பேர் எவ்வுத்தரவுமின்றிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றனர் என்று இவ்வாண்டே கணக்கெடுப்பாராக. கருணை ஆசிரியருடையதாகுக, அதன் பொறுப்பு நிறுவனத்தினுடையதாகுக.